நான்காவது பங்கு

1997 மார்ச் 1 — 560
ஏப்ரல் 6 — 310
மே 4 — 310
ஜூன் 1 — 325
ஜூலை 6 — 295
ஆகஸ்ட் 3 — 325
செப்டம்பர் 7 — 340
அக்டோபர் 5 — 340

இவை எட்டு ஒயின் பாட்டில்களின் விலை. முதல் பாட்டில் ரயிலில் காலியானது. மற்ற ஏழும் தக்கை பிடுங்கப்படாமல் ஓர் அலமாரியில் படுத்துக் கிடந்தன. வாங்கியவர்களுக்குக் குடிக்க ஆசை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மாதமும் நாக்கில் எச்சில் ஊறத்தான் செய்தது. திறக்க விடாமல் ஒரு பெண் குறுக்கே நின்றாள்.

பல்செட்டு செய்வது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கட்டி, வரிசை வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள். சுவர் அலமாரியில் பல் அட்டைகள்: ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மஞ்சள். பளிச்சென்ற வெள்ளைப் பல் கேட்டு வருகிறவரிடம், "உங்க வயசுக்கு இது சுவர்ல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஒரு நாடக நடிகருக்குக் கீழ்ச்செட்டு சரியாக உட்காரவில்லை என்று ஒன்பது முறை ராவியவள். பத்தாவது முறை அவரே கும்பிட்டு, "அம்மா, எனக்குப் போதும், விட்டுடுங்க" என்றார். "எனக்குப் போதாது, வாயைத் திறங்க" என்றாள்.

அவளை எல்லோரும் உடும்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் கொடுத்தது அவள் அண்ணன். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஆறு வயது, அவனுக்குப் பதினெட்டு. அவன் முதல் நாள் வேலைக்குச் சைக்கிளில் கிளம்ப, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை இழுபட்டுப் போனாள். முட்டி இரண்டும் தேய்ந்து ரத்தம் வந்தது. கை விடவில்லை. "இது பிள்ளையா, உடும்பா!" என்று அவன் சைக்கிளை நிறுத்தித் தூக்கிக்கொண்டான். அன்று வேலைக்கு அவளும் போனாள்.

அந்த வேலை எடைமேடையில். லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். சரக்கோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை, கழித்து வருவது சரக்கு. சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்தால்தான் லாரி நகரலாம். இடையில் சில வருடம் ஒரு மில்லில் இருந்தார். அதைத் தவிர்த்து முப்பத்து நாலு வருடம், பெரும்பாலும் இரவு நேரத்தில், அண்ணன் சீட்டுக் கிழித்தார். அந்தச் சம்பளத்தில்தான் அவள் தொழில் கற்றாள், ஒரு ரொட்டி வேன் ஓட்டுநரைக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

ஒயின் அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது தற்செயலாக. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வாடிக்கையாளர், புதுப் பல்லால் நிலக்கடலை கடிக்க முடிந்த சந்தோஷத்தில் ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மாடியில் குடியிருந்த, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அக்காவைக் கூப்பிட்டார்கள். அவளுக்கும் தெரியவில்லை, ஆனால் தெரிந்த மாதிரி மோந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். தக்கை இன்னும் உள்ளேதான் இருந்தது.

வேன்காரர் திருப்புளியால் தக்கையை உள்ளே தள்ளினார். அவர் ஊற்றப் போகையில் அண்ணன் கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, குத்துமதிப்பா ஊத்தாதீங்க. எடை போடணும்."

"மச்சான், இது ஒயினு. இரும்புக் கம்பி இல்ல."

"எதுவா இருந்தாலும் பங்குன்னா பங்கு."

பட்டறையில் பிளாஸ்டர் நிறுக்கும் தராசு வந்தது. ஒவ்வொரு டம்ளரையும் காலியாக நிறுத்து, பிறகு ஊற்றி நிறுத்து, கழித்து, நான்கு பேருக்கும் ஒரு கிராம் பிசகாமல் பங்கு வைத்தார் அண்ணன். வேகவைத்த முட்டையும் மிளகுத்தூளும் தொட்டுக்கொண்டு குடித்தார்கள். புளிப்பாக இருந்தது. இரண்டாவது மடக்கில் பிடித்துப்போனது. அடுத்த மாதமும் ஒன்று வாங்கலாம் என்று எக்ஸ்ரே அக்காதான் முதலில் சொன்னாள்.

அப்படித்தான் மாதத்தின் முதல் ஞாயிறு வழக்கமாயிற்று. ஆளுக்கு ஒரு முறை பாட்டில். வெளியூர் போனாலும் பாட்டில் கூடவே போகும்; மலையோரத்து விடுதியில் ஒரு முறை, ஏரிக்கரைப் பெஞ்சில் ஒரு முறை, வேன் பஞ்சரான இடத்தில் ரொட்டிக் கூடைகளுக்கு நடுவே ஒரு முறை. விதி ஒன்றே ஒன்று. அதையும் அண்ணன்தான் போட்டார்: "நாலு பேரும் உட்கார்ந்தாத்தான் தக்கையை எடுக்கணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் பாட்டில் அப்படியே இருக்கட்டும்." ஒரு முறை எக்ஸ்ரே அக்காவுக்கு அவசர வேலை வந்து, மற்ற மூவரும் மூடிய பாட்டிலைப் பார்த்தபடி முட்டையை மட்டும் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். பதினொரு வருடம் இந்த விதி மீறப்படவில்லை.

பிப்ரவரி கடைசி நாள் அண்ணன் ஓய்வு பெற்றார். கடைசி இரவு வேலை முடித்து, காலையில் நேராக ரயில் நிலையத்துக்கு வந்தார். நால்வரும் மூன்று நாள் ஊர் சுற்றப் புறப்பட்டார்கள். திரும்பி வந்ததும் அவர் தங்கைவீட்டுப் பின்னறையில் தங்குவதாகப் பேச்சு. மனைவி இறந்துவிட்டாள், மகன் வெளிநாட்டில், வேலைக் குடியிருப்பையும் காலி செய்தாயிற்று. உடும்பு பின்னறைக்கு வெள்ளையடித்து, கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். ரயிலுக்கென்று என்றும் வாங்காத விலையில் ஒரு பாட்டில் வாங்கியிருந்தாள்: ஐந்நூற்று அறுபது.

ரயில் கிளம்பி அரைமணிக்குள் அண்ணன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. மணி பதினொன்று தாண்டியது.

"நாலு பேரும் உட்கார்ந்தாத்தானே விதி?" என்றாள் எக்ஸ்ரே அக்கா. "அண்ணே உட்கார்ந்துதானே தூங்குறார்?"

"சட்டப்படி சரிதான்" என்றார் வேன்காரர், அதற்குள் தக்கை திருகியைக் கையில் எடுத்துக்கொண்டு.

ஊற்றியது உடும்பு. தராசு இல்லை, கண்ணளவில் ஊற்றினாள். அண்ணனின் பங்கை டம்ளரில் ஊற்றி, ஜன்னலோரச் சிறு பலகையில் வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினாள். மூன்று பேரும் மெல்ல உறிஞ்சினார்கள். ஒரு வளைவில் ரயில் உலுக்கி நின்றது. டம்ளர் சாய்ந்து, சிவப்பு ஒயின் முழுதும் அண்ணனின் புது வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அவர் திடுக்கிட்டு எழுந்து, ரத்தம் என்று நினைத்து மார்பைப் பிடித்துக்கொண்டார். அந்த முழியைப் பார்த்து மூவரும் சிரித்துவிட்டார்கள். அடக்க அடக்க வந்த சிரிப்பு.

அண்ணன் சட்டையைப் பார்த்தார். காலிப் பாட்டிலைப் பார்த்தார். அடுத்த நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். உடும்பு பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் அவள் பிடியை உதறினார்.

இறங்கிய அந்த ஊரிலேயே மூன்றாவது மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். போன் செய்தால் எடுக்கவில்லை. நேரில் போனால் கதவு திறக்கவில்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறு வந்தது. முறைப்படி வேன்காரர் பாட்டில் வாங்கி வந்தார். உடும்பு அதை வாங்கி, பிளாஸ்டர் மூட்டை வைக்கும் அலமாரியில் படுக்க வைத்துப் பூட்டினாள்.

"ஏம்மா, இது என்ன?"

"நாலு பேர் இல்ல."

"உங்க அண்ணன் வரமாட்டாரு. அவருக்காக நாங்க வறண்டு கிடக்கணுமா?"

"நாமதானே திறந்தோம்? இனி அவர் திறக்கச் சொல்ற வரைக்கும் திறக்காது. வாங்குறதை மட்டும் நிறுத்தக் கூடாது."

"குடிக்காத ஒயினுக்குக் காசா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சதுனால வந்த வினைதானே இது?"

ஒவ்வொரு மாதமும் ஒருவர் முறைப்படி வாங்கினார். அண்ணனின் முறை வந்த மாதங்களில் அவள் தன் காசில் வாங்கி, அவர் கணக்கு என்று தனியே சொல்லி வைத்தாள். முதல் ஞாயிறுகளில் மூவரும் உட்கார்ந்து முட்டை தின்றார்கள். வேன்காரர் அலமாரிப் பூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். எக்ஸ்ரே அக்கா, "எனக்கு இப்போ முட்டையைப் பாத்தாலே கோபம் வருது" என்பாள். ஆனாலும் இருவரும் வராமல் இருந்ததில்லை.

அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. வேன்காரர் ரொட்டி போடும் கடையில், அண்ணனோடு முன்பு வேலை பார்த்தவர் சொன்னாராம்: இருபதாம் தேதி விமானம். வெளிநாட்டில் மகனிடமே போய்விடுகிறார். இனி திரும்புகிற எண்ணம் இல்லையாம்.

உடும்பு மெழுகுக் கத்தியை மேசைமேல் வைத்தாள். அந்த வாரக் கடைசியில் மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள். பையில் ஒரு பாட்டில், நான்கு டம்ளர், பிளாஸ்டர் தராசு.

மூன்றாவது மாடியில் கதவைத் தட்டினாள். "அண்ணே, நான்தான்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு அண்ணன் குரல், கதவுக்குப் பக்கத்திலிருந்தே: "வேலை இருக்கு. போயிட்டு வாங்க."

"உன் வேலையைப் பாரு. நாங்க இங்கதான் உட்காரப் போறோம்."

மூவரும் படிக்கட்டின் மேல்தளத்தில் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். உடும்பு தராசை வெளியே எடுத்துத் தரையில் வைத்தாள். மூடிய பாட்டிலை அப்படியே தூக்கித் தட்டில் வைத்தாள்.

"ஆயிரத்து இருநூறு கிராம்" என்று உரக்கச் சொன்னாள். "நாலு பேருன்னா ஆளுக்கு முந்நூறு."

"ஆமா, முந்நூறு" என்றார் வேன்காரர், மனதார.

எக்ஸ்ரே அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உடும்பு அவள் தொடையில் கிள்ளினாள்.

"அப்போ டம்ளர்ல முந்நூறு வர்ற மாதிரி ஊத்திட்டாப் போதும். கணக்கு முடிஞ்சுது."

கதவுக்குள் செருப்பு தேயும் சத்தம். பிறகு ஓர் இருமல். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"பாட்டிலையும் சேர்த்துக் கடிச்சுத் தின்னப் போறியாடி?" என்று உள்ளிருந்து கத்தினார். "காலிப் பாட்டில் எடையை எவன் கழிப்பான்? டம்ளர் எடை எங்கே? உனக்கு நான் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேனா?"

"எனக்குத் தெரியாதுண்ணே. நீ வந்து போடு."

தாழ்ப்பாள் நீங்கியது. அண்ணன் பனியனோடு வாசலில் நின்றார். இளைத்திருந்தார். மூவரையும் வரிசையாகப் பார்த்தார். தராசைப் பார்த்ததும் அவர் கண் அதன் முள்ளுக்குத்தான் போனது. ஆனால் உட்காரவில்லை.

"நான் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். நாலு பேரும் உட்கார்ந்தாத்தான் விதி."

"நானும் தக்கையைத் தொடல" என்றாள் உடும்பு.

அவர் நின்றார். அவள் உட்கார்ந்திருந்தாள். கீழ்த்தளத்தில் யாரோ குழந்தைக்குச் சோறூட்டும் குரல் கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றினார்.

"அண்ணே," என்றாள் எக்ஸ்ரே அக்கா, "உங்க முட்டியை நான் படம் எடுத்திருக்கேன். எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியும்."

"நீ சும்மா இரு. அன்னைக்குச் சட்டம் பேசினவ நீதானே?"

"நான்தான். என்னைத் திட்டுங்க. திட்டிட்டு உட்காருங்க."

அண்ணன் சுவரில் கை ஊன்றினார். பேசியது தங்கையிடம்.

"சட்டை போனதுக்காகவா இறங்கினேன்? அதுவரைக்கும் நான் சீட்டுக் கிழிச்சுக் கொடுக்காம ஒரு லாரி நகர்ந்ததில்ல. நான் தூங்கினா வரிசை தெருக்கோடி வரைக்கும் நிக்கும். அன்னைக்குத்தான் முதல் நாள். கொஞ்சம் கண் அசந்தேன். முழிச்சுப் பாத்தா எல்லாம் முடிஞ்சு, நீங்க சிரிச்சுக்கிட்டிருக்கீங்க. நான் போட்ட விதி, நான் வைக்கிற பங்கு. நான் இல்லாமலே நடந்துடுச்சு. அப்புறம் உன் பின்னறைக்கு எதுக்கு வரணும்? இன்னொரு பழைய சாமானாவா?"

வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உடும்பு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"ஊத்தினது நான்தான். தப்புதான்ணே. அதுக்கப்புறம் ஏழு பாட்டில் வாங்கியாச்சு. ஒண்ணும் திறக்கல. நீ இல்லாம நடக்கல."

"ஏழா?"

"ஏழு. ரெண்டு உன் முறை. நான் போட்டேன், காசு நீ தரணும்."

"மச்சான், இவ படுத்துற பாடு கொஞ்சநஞ்சமில்ல" என்றார் வேன்காரர். "மாசா மாசம் முட்டையையே தின்னு தின்னு எனக்குச் சிறகு முளைக்காததுதான் பாக்கி."

அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் சுவரைப் பிடித்தபடி, முனகிக்கொண்டே, படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தராசைத் தன் பக்கம் இழுத்து, தட்டை ஊதித் துடைத்து, முதல் டம்ளரைக் காலியாக வைத்தார்.

படிக்கட்டில் உட்கார்ந்து நால்வரும் அந்தப் பாட்டிலைக் குடித்தார்கள். தொட்டுக்கொள்ள எதிர்வீட்டுக்காரர் ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து வைத்தார். டம்ளர் காலியானதும் அண்ணன் சொன்னார்:

"கோபம் இல்ல. ஆனா டிக்கெட் எடுத்தாச்சு. பேரப்பிள்ளை இருக்கான். நான் போறதுதான் சரி."

"போ. மிச்சம் ஆறு இருக்கு. நீ வந்தாத்தான் திறக்கும்."

"நான் அங்கேயே இருந்துட்டா?"

"புளிச்சுப் போகட்டும். வினிகர் ஆனாலும் பூட்டு திறக்காது."

"உன்னோட மல்லுக்கட்ட என்னால முடியாதுடி" என்றார் அவர். இருபதாம் தேதி போய்விட்டார்.

நவம்பரில் முதல் கடிதம் வந்தது: குளிர் அதிகம், பேரன் தாத்தா பேசுவது புரியாமல் சிரிக்கிறான், மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டாவது கடிதம் டிசம்பர் தொடக்கத்தில். அதில் ஒரு கேள்வி இருந்தது. கீழ் வீட்டில் ஒரு வயதான தம்பதியும் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவரும் நட்பாகிவிட்டார்கள். ஒயின் குடிக்க அழைக்கிறார்கள். தன்னோடு சேர்த்தால் சரியாக நான்கு பேர். எந்த நான்கு பேர் என்று விதியில் சொல்லவில்லை. திறக்கலாமா என்று உன்னைக் கேட்டுக்கொண்டு திறக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

"பாவம்மா, சரின்னு எழுதிடு" என்றார் வேன்காரர். "அங்க ஒத்தையில கிடக்கிறாரு."

"விதிப்படி அவர் சொல்றது சரிதான்" என்றாள் எக்ஸ்ரே அக்கா.

"சட்டம் பேசாதே அக்கா. ஒரு தரம் பேசி பட்டாச்சு." உடும்பு மேல்செட்டு ஒன்றை ராவிக்கொண்டே சொன்னாள். "குடிக்கணும்னா குடிச்சிருப்பாரு. கேட்டு எழுதியிருக்காருன்னா, என் பிடி இன்னும் இருக்கான்னு இழுத்துப் பாக்குறாரு."

கையைத் துடைத்துவிட்டு, ஒரு தாளில் ஒரே சொல் எழுதினாள்: கூடாது. அன்றே தபாலில் போட்டாள்.

ஜனவரி முழுக்கப் பதில் இல்லை. முதல் ஞாயிறு மூவரும் வழக்கம்போல் உட்கார்ந்தார்கள். வேன்காரர் முட்டையை உரித்தபடி, "நீ போட்ட போடுல அவர் மறுபடியும் கோவிச்சுக்கிட்டாரு. இந்தத் தடவை கதவைத் தட்டக்கூட முடியாது, நடுவுல கடல்" என்றார். அவள் மிளகுத்தூளை அவர் பக்கம் நகர்த்தினாள். அன்று மாலை பட்டறையில் கை தவறி ஒரு தாடை அச்சை உடைத்தாள். அவள் கையில் அச்சு உடைந்து யாரும் பார்த்ததில்லை. பிப்ரவரி முதல் ஞாயிறும் வந்தது. அவளே போய், அண்ணன் கணக்கில், ஒரு பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்தாள். பூட்டும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. பூட்டினாள்.

பிறகு மூன்றாவது கடிதம் வந்தது. அதுதான் கடைசி. அரைப் பக்கம். கீழ் வீட்டாரோடு மூன்று முறை உட்கார்ந்ததாகவும், மூன்று முறையும் தண்ணீரே குடித்ததாகவும், தங்கைக்குப் பயந்தவன் என்று பஸ் ஓட்டுநர் கேலி செய்வதாகவும், ஆமாம் என்று தானும் ஒப்புக்கொண்டதாகவும் எழுதியிருந்தார். பேரனை வருடத்துக்கு ஒரு முறை வந்து பார்த்தால் போதும் என்று மகனிடம் சொல்லியாகிவிட்டது. விமானம் பிப்ரவரி 28 சனிக்கிழமை இறங்குகிறது. மறுநாள் முதல் ஞாயிறு. வேன் வேண்டும், பெட்டி கனம்.

உடும்பு கடிதத்தை நின்றபடியே படித்தாள். வாயைத் திறந்தபடி நாற்காலியில் காத்திருந்த வாடிக்கையாளரிடம், "ஒரு நிமிஷம், மூடிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீண்டும் ராவத் தொடங்கினாள்.

கடிதம் வந்து சேர்ந்தது 1998 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை.